சாமுராய் தோள்கவசம்: மூன்று வரிசைகள் செய்து பார்த்த அனுபவம்

சாமுராய்களின் ‘ஓ-யொரோய்’ என்னும் பெருங்கவசத்தில் என்னை முதலில் ஈர்த்தது, தோளிலிருந்து தொங்கும் ‘ஓ-சோதே’ என்ற சதுரமான தோள்கவசம். ஜப்பானின் ஹெயான் காலத்துச் (8–12ஆம் நூற்றாண்டு) சாமுராய் குதிரைமேல் அமர்ந்து அம்பெய்தவர். இரு கைகளும் வில்லுக்கே வேண்டியிருந்ததால், கேடயத்தின் வேலையை இந்தத் தோள்கவசமே செய்தது. அதில் மூன்று வரிசைகளை மட்டும் பாதி அளவில் செய்து பார்க்கத் தொடங்கினேன்.

கவசத்தின் அடிப்படை ‘கொசானே’ எனப்படும் சிறு செதில். இரும்பிலோ பதப்படுத்திய தோலிலோ செய்வார்கள். நான் செருப்புக்கான தடித்த தோலை வாங்கி, 2 செ.மீ. அகலத்தில் 42 செதில்கள் வெட்டினேன். ஒவ்வொன்றிலும் 13 துளைகள், ஆக மொத்தம் 546. ஒரு செதில் அடுத்ததைப் பாதி மறைக்க வேண்டும் என்பதால், துளை ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கயிறு நுழையாது. முதல் நாள் போட்ட ஒன்பது செதில்களை அப்படித்தான் கழிக்க நேர்ந்தது.

அதைவிடப் பெரிய தவறு வண்ணம் பூசியதில் நேர்ந்தது. செதில்களைத் தனித்தனியே கறுப்பு எனாமல் பூசிக் கோத்தபோது, வரிசை முழுவதும் மீன்தோல் போல நெளிந்தது. ஜப்பானியக் கைவினைஞர்கள் செதில்களைத் தோல்வாரால் வரிசையாகப் பிணைத்த பிறகு, அந்த வரிசை முழுவதன் மீதும் ‘உருஷி’யைப் பல முறை பூசி அதை ஒரே பலகையாக இறுக்கினார்கள். உருஷி மரப்பால், நாம் அறிந்த பூச்சி அரக்கு அன்று. ஈரம் மிகுந்த அந்நாட்டில் இரும்பைத் துருவிலிருந்து காத்ததும் அதுவே. நான் பிணைத்த வரிசையின் மீது மேலும் நான்கு முறை பூசிய பின்னரே அது விறைப்பாக நின்றது.

விறைத்த வரிசைகளை மேலும் கீழுமாக இணைக்கும் நாடாவேலைக்கு ‘ஒதோஷி’ என்று பெயர். கவசம் அசைய இடம் தருவது இதுதான். நெருக்கமான ‘கெபிகி’ முறையில் இரண்டு இணைப்புகளுக்கே 8 மீட்டர் நாடா செலவாயிற்று. முதலில் இறுக்கிக் கட்டியதால் வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடியவில்லை. பிறகு இடையில் ஒரு மரச்சட்டத்தை வைத்து, எல்லா நாடாவுக்கும் ஒரே தளர்வு கொடுத்தேன். செங்கொகு எனப்படும் உள்நாட்டுப் போர்க் காலத்தில் (15–16ஆம் நூற்றாண்டு) இடைவெளி விட்டுக் கட்டும் ‘சுகாகே’ முறை ஏன் பரவியது என்பது என் விரல்களுக்கு இப்போது புரிகிறது. நெருக்கமான நாடா மழையில் நனைந்தால் கனக்கும், எளிதில் உலராது. பெரும் படைகளுக்கு விரைவாகக் கவசம் செய்ய வேண்டிய காலத்துக்கு அது பொருந்தவில்லை.

ஆயினும் கெபிகியின் அழகுக்கு ஈடில்லை. தோக்கியோவின் மேற்கே, மிதாகே மலைக் கோயிலில் உள்ள செந்நாடாக் கவசத்தில், மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த ‘அகானே’ வேரால் சாயமேற்றிய பழைய நாடாக்கள் இன்னும் சிவந்திருக்க, மெய்ஜி காலப் (1868–1912) பழுதுபார்ப்பில் சேர்த்த வேதிச்சாய நாடாக்கள் வெளிறிவிட்டன. என் கடைச் சிவப்பு நாடாவை அவிழ்த்துவிட்டேன். புதிய பருத்தி நாடா கடுக்காய் நீரில் தோய்ந்து, இப்போது படிகாரக் கரைசலில் ஊறிக்கொண்டிருக்கிறது. மஞ்சிட்டி வேரை நாளை இடிக்க வேண்டும்.