விழுந்த நேரம்

ஜூன் 3, செவ்வாய்

சத்தியமங்கலம் பக்கம் ஒரு பால் பண்ணை. விழுந்த மாட்டை என்ன செய்வது என்று ஆறு தொழிலாளர்களுக்கு வகுப்பு. அதில் இரண்டு பேர் பீகார்க்காரர்கள். கருணைக்கொலை என்றதுமே மூத்தவர் எழுந்துவிட்டார். "மாட்டைக் கொல்றதுக்கு நான் வரலைங்க டாக்டரம்மா." ஊசி போடுவது என் வேலை, என்னை எப்போது கூப்பிடுவது என்பதுதான் உங்கள் வேலை என்றேன். சரி என்று உட்கார்ந்தார்.

கன்று போட்ட மூன்று நாளுக்குள் மாடு படுத்துவிட்டால் முதல் சந்தேகம் பால் சுரம்தான், அதாவது ரத்தத்தில் கால்சியம் குறைந்துபோவது. கால்சியத்தை மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். அவசரப்பட்டு ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஆனால் தொடை எலும்பு முறிந்த மாட்டை "நாளைக்குப் பார்ப்போம்" என்று போட்டு வைப்பது வதை.

ஜூன் 5, வியாழன்

கொட்டகைச் சுவரில் கரும்பலகை மாட்டினோம். விழுந்த நேரம், தரையா மணலா, அசை போடுகிறதா, கடைசியாக எப்போது புரட்டினோம். சிமெண்ட் தரையில் ஒரே பக்கமாகக் கிடந்தால் சில மணி நேரத்திலேயே மாட்டின் எடையே அதன் தொடைத் தசையை நசுக்கிவிடும். அப்புறம் கால்சியம் ஏற்றியும் எழாது.

ஜூன் 9, திங்கள்

இரவு அழைப்பு. பலகையில் "மாலை 6". கண் குழி விழுந்து, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தது. இடுப்பு மூட்டு விலகியிருந்தது. ஆறு மணிக்கு விழுந்த மாடு இப்படி இருக்காது. பீகார்ப் பையனைத் தனியாகக் கேட்டேன். விழுந்தது முந்தின நாள் காலையாம். மாடு படுத்தால் சம்பளத்தில் பிடிப்பார்களாம்.

நான் பாடம் நடத்தியது தப்பான ஆட்களுக்கு.

முதலாளிக்குச் சட்டப் பயம். உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலையை 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 13ஆம் பிரிவிலேயே பேசுகிறது என்று சொல்லி, சான்றிதழும் எழுதிக் கொடுத்தேன். தயோபென்டோன் என்ற மயக்க மருந்தை ஏற்றி, நினைவு முழுக்கப் போன பிறகுதான் இதயத்தை நிறுத்தும் மக்னீசியம் சல்பேட். தலையைப் பிடித்துக்கொண்டது அந்த மூத்தவர். ஸ்டெதஸ்கோப்பைப் பையன் காதில் மாட்டி ஐந்து நிமிடம் கேட்கச் சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லை என்று தலையாட்டினான்.

ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். மருந்து ஏறிய உடல். நாய் தின்றாலும் சாகும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகளும் அப்படித்தான்.

ஜூன் 12, வியாழன்

விடிகாலை 4.50க்கு போன். பலகையில் "4.40, மணல்". பால் சுரம். ஏழு மணிக்கு எழுந்து தண்ணீர் குடித்தது.

சம்பளப் பிடித்தம் பற்றி முதலாளி இன்னும் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை சம்பள நாள்.