தெற்கு வானத்துல போலார் அலைன்மென்ட்: சிக்மா ஆக்டான்டிஸை நம்பாதீங்க

சென்னைல டெலஸ்கோப் வச்சிருக்கற ஃப்ரெண்டு ஒருத்தன், போலார் அலைன்மென்ட்லாம் (டெலஸ்கோப் தாங்கி சுத்தற மவுன்டோட அச்சை வானத்து துருவத்தை நேரா பாக்க வைக்கறது) அஞ்சு நிமிஷ வேலைடா, துருவ நட்சத்திரமான போலாரிஸை போலார் ஸ்கோப்ல (அச்சுக்குள்ள இருக்கற சின்ன தொலைநோக்கி) புடிச்சு வட்டத்துல உக்கார வச்சா முடிஞ்சுதும்பான். (அவனுக்கும் அது 13 டிகிரி உயரத்துல, புகைக்கும் வாட்டர் டேங்க்குக்கும் நடுவுல தான் தெரியும், அது வேற கதை.) நான் இருக்கறது சிட்னில. இங்க துருவ நட்சத்திரம் எந்த மாசமும் அடிவானத்தை தாண்டி மேல வராது.

இங்க அதுக்கு பதிலா தெற்கு துருவத்துக்கு பக்கத்துல இருக்கறது சிக்மா ஆக்டான்டிஸ்ங்கற நட்சத்திரம். போலாரிஸோட பிரகாச எண் 2, இதோடது கிட்டத்தட்ட 5.5 (எண் கூடினா மங்கல்னு அர்த்தம்), அதாவது வெளிச்சத்துல 25ல ஒரு பங்கு தான். நல்ல இருட்டுல வெறும் கண்ணுக்கே கஷ்டம்னா, ஊருக்குள்ள கேக்கவே வேணாம். பிரேசில் கொடில கூட ஒரு நட்சத்திரமா இருக்கு, கொடில பாக்கறது தான் ஈஸி! கஷ்டப்பட்டு கண்டுபுடிச்சாலும் அது சரியா துருவத்துல இல்ல, 1 டிகிரிக்கு கொஞ்சம் மேலயே தள்ளி இருக்கு. 1 டிகிரி தானேன்னு விட முடியாது. மவுன்ட் 1 டிகிரி தப்பா நின்னா நட்சத்திரம் நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 16 ஆர்க்செகண்ட் (1 ஆர்க்செகண்ட்னா டிகிரில 3600ல ஒரு பங்கு) வரைக்கும் நகரும். 400 எம்எம் லென்ஸ், 3.76 மைக்ரான் பிக்சல் கேமரான்னா ஒரு நிமிஷ போட்டோல 8 பிக்சல் நீளத்துக்கு கோடு விழும். கைடிங் (ஒரு நட்சத்திரத்தை இன்னொரு கேமரால பாத்து மவுன்டை திருத்திக்கிட்டே இருக்கறது) போட்டா நகர்றது நிக்கும், ஆனா அந்த கைட் ஸ்டாரை சுத்தி மொத்த ஃப்ரேமும் மெதுவா சுழல்றது நிக்காது.

அதனால நான் அந்த நட்சத்திரத்தை தேடறதே இல்ல. முதல்ல தோராயமா தெற்கு புடிக்கணும். சிட்னில காந்த ஊசி காட்டற வடக்கு, உண்மையான வடக்குலேருந்து பன்னெண்டரை டிகிரி போல கிழக்க தள்ளி இருக்கு, அதனால காம்பஸ்ல 180ஐ பாக்காம 167, 168 பக்கம் பாக்கணும், தெற்க பாத்து நின்னா கொஞ்சம் இடது பக்கம். மெல்பர்ன்லயும் இதே மாதிரி தான் வரும், ஆனா பெர்த்ல வித்தியாசம் ரொம்ப கம்மி, அதுவும் எதிர்ப்பக்கம், அதனால அவங்கவங்க ஊருக்கு பாத்துக்கோங்க. இன்னொன்னு, காம்பஸை மவுன்ட் மேல வச்சு பாக்காதீங்க, அவ்ளோ இரும்பு பக்கத்துல இருந்தா ஊசி எங்கயோ காட்டும், ரெண்டு மூணு எட்டு தள்ளி நின்னு பாருங்க. அப்புறம் ட்ரைபாட் லெவல், அச்சோட உயரம் 34 டிகிரி, அதாவது சிட்னியோட அட்சரேகை. சதர்ன் கிராஸ் தெரிஞ்சா அதோட நீள பக்கத்தை நாலரை மடங்கு நீட்டி சரிபாத்துக்கலாம்.

இதுக்கப்புறம் வழக்கமான வழின்னா, போலார் ஸ்கோப்ல நாலு நட்சத்திர கட்டம் ஒன்னு வரைஞ்சிருப்பாங்க, ஆக்டான்ஸ் மண்டலத்து சிக்மா, டாவ், கை, உப்சிலான், எல்லாமே பிரகாச எண் 5க்கு மேல 6க்குள்ள, அதை வானத்தோட பொருத்தணும். முட்டி போட்டு, கழுத்தை ஒடிச்சு, தலைகீழா தெரியற புள்ளிகள்ல எது எதுன்னு தேடறது... இருட்டு இடத்துக்கு போய் பொறுமையா செஞ்சா வரும், வராதுன்னு சொல்லல. ஆனா லேப்டாப்பும் கேமராவும் ஏற்கனவே இருக்கும்போது எதுக்கு? வானத்தை போட்டோ எடுக்கறவங்க லேப்டாப்ல ஓட்டற நினா சாஃப்ட்வேர்ல மூணு பாயிண்ட் போலார் அலைன்மென்ட்னு ஒரு பிளக்இன் இருக்கு. மவுன்டோட ஆர்ஏ அச்சை (வானம் சுத்தறதோட சேர்ந்து சுத்தற அச்சு) சுழட்டி மூணு இடத்துல போட்டோ எடுத்து, பிளேட் சால்வ் பண்ணி (போட்டோல இருக்கற நட்சத்திரங்களை வச்சு அது வானத்துல எந்த இடம்னு கண்டுபுடிச்சு), அச்சு எங்க பாக்குதுன்னு அதுவே கணக்கு போட்டுடும். இதுல பெரிய விஷயம் என்னன்னா துருவமே தெரிய வேணாம், தெற்கு பக்கம் முழுக்க வீடும் யூக்கலிப்டஸ் மரமும் மறைச்ச பேக்யார்டுக்கு இது தான் கதி. ஏஎஸ்ஐ ஏர் (லேப்டாப்புக்கு பதிலா கேமராவையும் மவுன்டையும் ஓட்டற சின்ன பெட்டி) வச்சிருக்கறவங்களுக்கும் இதே மாதிரி வசதி இருக்கு.

ஸ்கிரீன்ல பிழை எவ்ளோன்னு வந்ததும் தான் உண்மையான வேலையே. அசிமுத்துக்கு (இடது வலது திருப்பறது) ரெண்டு பக்கமும் திருகு, நடுவுல ஒரு இரும்பு முளை. ஒரு பக்கத்தை லூஸ் பண்ணாம இன்னொரு பக்கத்தை முறுக்கினா ஒன்னும் நகராது, கை தான் வலிக்கும். அரை சுத்து இங்க விடு, அரை சுத்து அங்க முறுக்கு, நம்பர் இறங்குதா பாரு. உயரத்தை எப்பவும் கீழேருந்து மேல தூக்கி முடிங்க, எடை திருகு மேலயே உக்காந்துடும். கடைசியா அடில இருக்கற பெரிய போல்ட்டை இறுக்கும்போது எல்லாம் கொஞ்சம் நகரும், அதனால இறுக்கிட்டு திரும்ப ஒரு தடவை அளந்து பாருங்க. பிழையை 1 ஆர்க்மினிட்டுக்கு (டிகிரில 60ல ஒரு பங்கு) கொண்டுவந்துட்டா நிமிஷத்துக்கு கால் ஆர்க்செகண்ட் தான் நகரும், அதுக்கு கீழ போக மெனக்கெடறது எனக்கு டைம் வேஸ்ட்.

வடக்குல இருக்கறவங்க எழுதின டிரிஃப்ட் அலைன்மென்ட் (நட்சத்திரம் எந்த பக்கம் நகருதுன்னு பாத்து மவுன்டை திருத்தறது) குறிப்பை படிச்சா எந்த பக்கம் திருப்பணும்ங்கறது இங்க உல்டாவா வரும், அதை மனப்பாடம் பண்ணாதீங்க, கொஞ்சம் திருப்பி பாருங்க, நகர்றது கூடுச்சுன்னா அடுத்த பக்கம் திருப்புங்க. கேமராவை மட்டும் வச்சு வானத்தோட சுத்தற சின்ன ட்ராக்கர்னா வடக்கு தெற்கு ஸ்விட்ச் ஒன்னு இருக்கும், இங்க துருவத்தை சுத்தி வானம் கடிகார முள் போற பக்கமா சுத்தும், ஸ்விட்ச் வடக்குலயே கிடந்தா மோட்டார் நேர் எதிரா ஓடி, எவ்ளோ கரெக்டா அலைன் பண்ணியிருந்தாலும் படம் முழுக்க கோடு தான்.