அலைகரையில் ஒரு பென்சில் கோடு

8 ஜூன் 2024, சனி

சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள்களை ஒட்டி விரித்திருக்கிறேன். அம்பாறைப் பக்கத்துப் பெரிய குளமான சேனாநாயக்க சமுத்திரத்தைச் சுற்றி மலையும் காடுமாக நடப்பது என்று தம்பியும் நானும் தைப்பொங்கலில் இருந்து பேசிவருகிறோம். பேச்சு மட்டும்தான். இன்றைக்குத்தான் பென்சில் எடுத்தேன்.

குளத்தைச் சுற்றுவது என்றால் ஒரு வட்டம் போடுவது என்று நினைத்திருந்தேன், கணக்குப் படிப்பிக்கிற எனக்கே அந்தப் பிழை. 1949இல் தொடங்கிய கல் ஓயாத் திட்டத்தில், நாம் பட்டிப்பளை ஆறு என்று சொல்கிற அந்த ஆற்றை இங்கினியாகலையில் மறித்தார்கள். மறித்த தண்ணீர் ஒவ்வொரு ஓடைக்குள்ளும் ஏறி நின்றுகொண்டது. அதனால் கரை, விரித்த கை மாதிரி விரல் விரலாகக் கிடக்கிறது. எதிரே கூப்பிடு தூரத்தில் தெரிகிற கரைக்குப் போக ஒரு விரலின் அடி வரை உள்ளே போய்த் திரும்ப வேண்டும். அம்மாவின் தையல் நூலை வளைவுகளில் வைத்து அளந்தேன். இரண்டு சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். நூல்கண்டில் இன்னும் நூல் இருந்தது, எனக்குத்தான் பொறுமை இல்லை.

கரையோடு ஒட்டி ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஏற்றம் குறைவு, கையெட்டும் தூரத்தில் தண்ணீர், வழி தவற வாய்ப்பில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

11 ஜூன், செவ்வாய்

இடைவேளையில் வனஜீவராசிகள் அலுவலகம் ஒன்றுக்குப் போன் எடுத்தேன். பேசியவர் மரியாதையாகவே பேசினார். "நடக்கவா?" என்று இரண்டு தரம் கேட்டார். அது தேசிய பூங்கா, வண்டியில் போனாலே இறங்கக்கூடாது, தண்ணீர்ப் பக்கம் பார்க்க வேண்டுமென்றால் படகில் வாருங்கள் என்றார்.

பூங்கா என்று தெரியாமல் இல்லை. கரையோரத்தை மட்டும் விட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கல் ஓயா பூங்கா 1954இல் வந்தது, 25,900 ஹெக்டேயர். அதை ஒதுக்கியதே இந்தக் குளத்தின் நீரேந்து காட்டைக் காப்பாற்றத்தான். காடு போனால் மண் கரைந்து குளத்தில் படியும், பிறகு வயலுக்கு ஏது தண்ணீர்? நியாயம்தான். ஆனாலும் நாள் முழுக்க முகம் தொங்கிப்போய் இருந்தேன்.

12 ஜூன், புதன்

அம்மாவிடம் சொல்லிப் புலம்பினேன். கதிர்காமத்துக்கு மூன்று தடவை நடந்து போனவர் அவர். உகந்தை முருகன் கோயிலில் இருந்து காட்டுப்பாதை ஆண்டில் கொஞ்ச நாள் திறக்கும். அடியார்கள் குமணை, யால காடுகளுக்குள்ளால் நடந்து போவார்கள். அதுவும் பூங்காதானே, அங்கே மட்டும் எப்படி விடுகிறார்கள் என்றேன்.

"அது வேலன்ட பாதை பிள்ளை. உங்களுக்கு என்ன நேர்த்தி?"

பதில் இல்லை. ஆனால் நடைக்கு என்ன வேண்டும் என்று கேட்டதும் ஆளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இருட்டோடு வெளிக்கிட வேண்டும். பத்து மணிக்கு மரத்தின் கீழ் இருக்க வேண்டும். வெயில் சாயும் வரை எழும்பக்கூடாது. எலுமிச்சம்பழம், உப்பு, சீனி, பொரித்த மா. புதுச் செருப்போடு போகவே கூடாது.

நான் இணையத்தில் படித்தது நெய்ஸ்மித் விதி. 1892இல் ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் சொன்னது: ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம், 600 மீற்றர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். பன்னிரண்டு கிலோமீற்றர், 300 மீற்றர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரத்துக்குள் வரவேண்டும். அந்த மனிதர் கச்சான் காற்றில் நடந்திருக்க மாட்டார். இப்போது மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் கொடியில் போட்ட துணி அரை மணியில் விறைத்துப்போகிறது. நான் கணக்கை இரண்டால் பெருக்கிவிட்டேன்.

17 ஜூன், திங்கள்

ஹஜ் பெருநாள். சம்மாந்துறை நானா வீட்டுக்குப் போனோம். (முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம்.) எங்கள் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், இப்போது முழுநேர விவசாயி. வட்டிலப்பம் இரண்டாம் தட்டு வந்தபோது வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்த நீலம் குளம் நிரம்பி நிக்கக்குள்ள உள்ள கரை. இப்ப ஆர் அங்க தண்ணி வச்சிருக்கா?"

இது எனக்கு உறைக்கவே இல்லை. மாரியில் நிரம்பும் குளம், சிறுபோகத்துக்குத் திறக்கத் திறக்க இறங்கும். வரைபடத்தின் கரை அப்படியே நிற்க, உண்மையான தண்ணீர் விளிம்பு உள்ளே போய்விடும். இரண்டுக்கும் நடுவே கிடக்கிற அலைகரையில் ஈரமண்ணும் இளம்புல்லும். மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கும்போது அந்தப் புல்லுக்கு யார் வருவார்கள்? யானை. கூட்டமாக, பின்னேரத்தில்.

ஆக, "பாதுகாப்பான கரையோரம்" என்று நான் போட்ட கோடு யானைகளின் சாப்பாட்டுப் பந்தியின் விளிம்பால் போகிறது. தம்பி சிரித்த சிரிப்பில் நானாவின் மனைவி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தா.

பதிலுக்கு நானா சொன்ன இடம் ராஜகல. அம்பாறையில் இருந்து மஹா ஓயா வீதியில், ஆயிரத்துச் சொச்சம் அடி உயரம், காட்டுக்குள் ஏறலாம். போசன் போயா 21ஆம் தேதி. இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர் வந்த நாள் அது. அவர் பெயர் வருகிற பிராமிக் கல்வெட்டு அந்த மலையில் இருக்கிறது. அன்றைக்குச் சனம் கூடும், ஞாயிறு போங்கள் என்றார்.

23 ஜூன், ஞாயிறு

ராஜகல. களுவாஞ்சிகுடியில் இருந்து விடிய மூன்றரைக்கு வெளிக்கிட்டோம். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். மூன்று லீற்றர் என்பது மூன்று கிலோ என்று முதுகு சொல்லும் வரை எனக்குத் தோன்றவில்லை.

காலைக் காடு குளிர்ச்சியாகவே இருந்தது. படிகள், வேர்கள், பிறகு வெறும் பாறை. மரங்களுக்கு நடுவே தூபிகளின் செங்கல், நிறுத்திய கல்தூண்கள். கல்வெட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்தில் தம்பி கச்சான் கொறித்துக்கொண்டிருந்தான். காற்றுக்கும் கடலைக்கும் நம் ஊரில் ஒரே பெயர், இரண்டும் வாயை உலரவைக்கும்.

இறங்கும்போது என் வலது சப்பாத்தின் அடி கழன்று நாக்குப் போலத் தொங்கியது. புதுச் செருப்பு வேண்டாம் என்ற அம்மாவின் சொல்லைக் கேட்டு, ஏழு வருடம் அலுமாரிக்குள் கிடந்ததை எடுத்துப் போட்டிருந்தேன். பாவிக்காமல் வைத்தாலும் பசை செத்துப்போகுமாம். நைலோன் கயிற்றால் கட்டி, தட்டித் தட்டி இறங்கினேன். கயிறு கொண்டுவந்தது தம்பி. இனி ஒரு மாதத்துக்கு அதைச் சொல்லியே தின்பான்.

30 ஜூன், ஞாயிறு

இங்கினியாகலை. நடக்க விடாவிட்டால் போகிறது, பார்க்கவாவது செய்வோம் என்று நானாவையும் கூட்டிக்கொண்டு பின்னேரப் படகில் ஏறினோம். பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்குள் நின்றன, உச்சியில் நீர்க்காகங்கள். தூரத்து மலைச்சரிவுகளில் கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் நிற்கிற புல்வெளிகள் உண்டு என்று படகுக்காரர் கையைக் காட்டினார். திரிபலாச் சூரணம் காட்டிலேயே கூடி நிற்கிறது என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

ஐந்து மணிபோல ஒரு விரலுக்குள் திரும்பினோம். படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். பச்சைப் புல்லில் பதினொரு யானைகள், ஒன்று கைக்குழந்தை. வரைபடத்தை விரித்தேன். என் பென்சில் கோடு அவற்றுக்குப் பின்னால், காட்டோரத்தில், நல்ல உயரத்தில் கிடந்தது. அந்த வழியாகத்தான் அவை இறங்கி வந்திருக்க வேண்டும். புல் மிதிபட்டுத் தெரிந்தது.

தம்பி படம் எடுத்துத் தள்ளினான். நானா யானையைப் பார்க்கவில்லை. கரைப் பாறையில் பழைய நீர்மட்டம் விட்டுப்போன வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படகுக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார், அவரும் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார்.

"என்ன நானா?"

"பயிருக்கு இன்னும் ரெண்டு தண்ணி காணும், தங்கச்சி. இது தாங்கும்."

அடுத்த நடை குடும்பிமலை. அதை ஆவணிக்குள் பார்த்துவிட வேண்டும், அதற்குப் பிறகு மழை. நாளைக்குக் கல்முனையில் சப்பாத்து வாங்கி, பாடசாலைக்கும் அதையே போட்டுப் பழக்கப்போகிறேன்.