நனைந்த ஷூவை ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்

நல்ல தோல் ஷூ மழையில் நனைந்து பாழானதைவிட, நனைந்து வந்த பிறகு ஹீட்டர் பக்கத்தில் வைக்கப்பட்டுப் பாழானதுதான் அதிகம். அவசரம் புரிகிறது. காலையில் மறுபடி போட்டாக வேண்டும், ராத்திரிக்குள் காய வேண்டும். ஆனால் விரல் மடியும் இடத்தில் குறுக்கே ஓடும் அந்த வெடிப்பு ஒருதடவை விழுந்துவிட்டால் எந்தக் கிரீமும் அதை ஒட்டவைக்காது. அதனால் காய வைப்பதை முதலில் பேசிவிடுகிறேன்.

தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். பதனிடும்போது அந்த நார்களுக்கு நடுவே எண்ணெயும் கொழுப்பும் ஏற்றுகிறார்கள். நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்வதால்தான் தோல் முறியாமல் மடிகிறது. உள்ளே போன தண்ணீர் வெளியேறும்போது இந்தக் கொழுப்பிலும் கொஞ்சத்தை மேற்பரப்புக்கு இழுத்துவந்துவிடும். மெதுவாகக் காய்ந்தால் இழப்பு குறைவு. சூட்டில் வைத்தால் மேல்பகுதி முதலில் காய்ந்து சுருங்கும், அடியில் இன்னும் ஈரம் இருக்கும், எண்ணெய் போன நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தொட்டால் அட்டை மாதிரி விறைப்பாக இருப்பது இதனால்தான். மரப்பட்டைச் சாறு கொண்டு பதனிட்ட தோல், ஈரமாக இருக்கும்போது சுமார் 75 முதல் 85 டிகிரி செல்சியஸிலேயே நிரந்தரமாகச் சுருங்கிவிடும். குரோம் உப்பில் பதனிட்டது அதைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அங்கேயும் சோலை ஒட்டியிருக்கும் பசை இருக்கிறதே! பல ஷூக்களில் அது 60, 70 டிகிரியில் இளகும் ரகம். தொழிற்சாலையில் அதைச் சூடாக்கித்தான் ஒட்டுகிறார்கள், வீட்டில் சூடாக்கினால் பிரிகிறது.

கணக்கு எளிது. கையை வைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுக்காமல் இருக்கலாம் என்ற அளவு வெதுவெதுப்பு, அதாவது 35, 40 டிகிரி, சரி. அதற்கு மேல் வேண்டாம். மின்சார ஷூ டிரையர் வாங்குவதாக இருந்தாலும் இந்த அளவில் காற்று விடுவதாகப் பார்த்து வாங்குங்கள். ஹேர் டிரையர் இருந்தால் குளிர்காற்றில் மட்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சேற்றைக் கழுவிவிட வேண்டும். காயட்டும், உதிர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், காயும் சேறு தோலின் ஈரத்தையும் எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சும். பச்சைத் தண்ணீர், மெல்லிய பிரஷ், அவ்வளவு போதும். பிறகு லேஸைக் கடைசித் துளைகள் வரை தளர்த்தி, நாக்கை நன்றாக முன்னால் இழுத்து, இன்சோலை வெளியே எடுத்துத் தனியாக நிற்க வையுங்கள். இன்சோலை எடுக்காமல் காய வைத்த ஷூ மேலே காய்ந்தமாதிரி தெரியும், அடியில் இரண்டு நாள் ஆனாலும் ஈரம் இருக்கும். நாற்றம் தொடங்குவது அங்கேதான்.

செய்தித்தாளைத் தளர்வான உருண்டையாகக் கசக்கி, முனை வரை போகும்படி வையுங்கள். இறுக்கித் திணித்தால் காற்றுப் போக வழியில்லை, ஊறிய தோல் அந்த வடிவத்துக்கு விரிந்தும்விடும். உட்புறம் வெளிர் நிறமாக இருந்தால் அச்சு மை ஒட்டிக்கொள்ளும், வெள்ளைத்தாள் நல்லது. இதில் பெரும்பாலோர் தவறுவது தாளை மாற்றுவதில். முதல் தாள் அரை மணி நேரத்திலேயே சொதசொதவென்று ஆகிவிடும். அதை அப்படியே காலை வரை விட்டால் ஷூவுக்குள் ஈரத்துணியைப் போட்டு மூடியதற்குச் சமம். அரை மணியில் ஒருதடவை, பிறகு ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருதடவை, மொத்தம் மூன்று நான்கு முறை மாற்றினால் பெரும்பாலான தண்ணீர் வந்துவிடும். தோல் சோல் உள்ள ஷூவைப் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள், சோலுக்கும் காற்று வேண்டும். சாதாரண ஃபேன் காற்று அடித்தால் இன்னும் நல்லது. சூட்டைவிட காற்றோட்டம்தான் இங்கே வேலை செய்கிறது.

நன்றாக நனைந்த தோல் ஷூ காய 24 மணி நேரம், கனத்த பூட்ஸ் என்றால் 48. காய்ந்துவிட்டதா என்று பார்க்க விரல் நுனி போதாது. கையை உள்ளே விட்டு, முனைப்பகுதியின் உள்துணியில் விரல்களின் பின்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். ஈரம் தெரியாவிட்டாலும் சில்லென்று இருந்தால் இன்னும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அறையின் சூட்டிலேயே இருந்தால் காய்ந்துவிட்டது. கடைசிக் கட்டத்தில், லேசான ஈரம் இருக்கும்போதே தாளை எடுத்துவிட்டு, பாத வடிவில் செய்த மர அச்சை நுழைத்துவிட்டால் மடிப்புகள் நேராகிக் காயும்.

இந்த 24 மணிக் கணக்கைப் பார்த்தாலே ஒன்று விளங்கும்: ஈரமான பருவத்தை ஒரே ஜோடியை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. மழையில் போகாத நாளிலும் ஷூ உள்ளிருந்து நனைகிறது. இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. விலையுயர்ந்த ஒரு ஜோடியைவிட, சுமாரான இரண்டு ஜோடிகளை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது மேல். நீண்ட நாள் உழைப்பதும் அவைதான்.

இனி மெழுகு. காய்ந்த தோலுக்கு முதலில் கண்டிஷனர் (இழந்த எண்ணெயைத் திரும்பத் தரும் கிரீம்), அது இறங்கிய பிறகு மெழுகு. வரிசை மாறக்கூடாது. மெழுகு மேலே மூடிவிட்டால் கண்டிஷனர் உள்ளே போகாது. கண்டிஷனர் ஒரு ஷூவுக்குச் சுண்டுவிரல் நகம் அளவு எடுத்தால் தாராளம். துணியில் தேய்த்துக்கொண்டு மெல்லப் பரப்பி, சில மணி நேரம் விடுங்கள். நிறைய தடவினால் நிறைய நன்மை என்று நினைத்து எண்ணெயை ஊற்றுவதால் தோல் தொளதொளவென்று ஆகி, குதிகால் பகுதி பிடிப்பை இழக்கும். நிறமும் கறுக்கும், அது திரும்பாது. மிங்க் எண்ணெய் போன்றவற்றைக் கனத்த வேலை பூட்ஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தேன்மெழுகு 62, 64 டிகிரியில்தான் உருகும், ஆனால் விரல் சூட்டிலேயே இளகிவிடும். அதனால் மெழுகைத் துணியால் தடவாமல் விரலால் தடவுவது என் வழி. எங்கே என்பதுதான் முக்கியம். பரந்த மேல்பரப்பில் தண்ணீர் அவ்வளவாகப் புகுவதில்லை. புகும் இடங்கள் மூன்று: சோலும் மேல்தோலும் சேரும் தையல், நாக்கு பக்கவாட்டில் இணையும் மடிப்பு, நடக்கும்போது மடியும் கோடு. சோல் ஓரத் தையலில் பெருவிரலை வைத்துச் சுற்றிலும் ஒரே ஓட்டமாக அழுத்தித் தேய்த்தால், தையல் துளைகள் ஒவ்வொன்றாக மெழுகில் அடைபடுவதைப் பார்க்கலாம். 20 நிமிடம் கழித்துக் குதிரைமுடி பிரஷால் தேய்த்து, மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்று உருண்டால் சரி. தட்டையாகப் படர்ந்து, அடியில் தோல் கருமையாக மாறினால் அந்த இடத்துக்கு இன்னொரு தடவை வேண்டும்.

ஸ்வேட் ஷூவுக்கு, அதாவது மேற்பரப்பு பூம்பட்டு மாதிரி இருக்கும் தோலுக்கு, மெழுகு ஆகாது, நீர்விலக்கும் ஸ்ப்ரேதான். காய்ந்த நிலையில் பிரஷால் தூசி நீக்கி, 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, வழியாத அளவுக்கு மெல்லிய இரண்டு பூச்சு. நடுவில் அரை மணி, முடிந்ததும் ஒரு முழுநாள். வெளியில் அல்லது திறந்த பால்கனியில் நின்று அடியுங்கள். மூடிய குளியலறையில் அடித்து அந்தத் துளிகளைச் சுவாசித்தால் நுரையீரலுக்கு நிஜமான ஆபத்து.

கோர்-டெக்ஸ் போன்ற மெம்பரேன் பூட்ஸ் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. 1969ல் அமெரிக்கப் பொறியாளர் பாப் கோர் பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது கிடைத்த பொருளின் வழிவந்தது இந்தப் படலம். நீர்த்துளி புக முடியாத, ஆனால் நீராவி வெளியேறக்கூடிய நுண்துளைகள் அதில் உண்டு. வெளித்துணியில் இருக்கும் நீர்விலக்கும் பூச்சு தேய்ந்துபோனால் துணி ஊறி, ஒரு தண்ணீர்ப் படலமாகிவிடும். அப்போது உள்ளே இருக்கும் வியர்வை வெளியேற முடியாது. சாக்ஸ் நனைகிறது, பூட்ஸ் ஒழுகுகிறது என்று ஆட்கள் தூக்கிப்போடுகிறார்கள். முதலில் சோதித்துப் பாருங்கள். உள்ளே காய்ந்த டிஷ்யூ தாளைப் பரப்பி, 5 செ.மீ. ஆழத் தண்ணீரில் 20 நிமிடம் நிற்க வைத்து, கையால் மடிப்பில் அழுத்திக்கொடுங்கள். தாள் காய்ந்திருந்தால் படலம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. நீர்விலக்கும் ஸ்ப்ரே அடித்தால் போதும். இந்த ரகத்துக்குக் கெட்டியான கிரீஸ், கொழுப்பு எதுவும் தடவாதீர்கள், ஆவி போகும் வழி அடைபடும்.

சாலையில் பனி உருக உப்புப் போடும் இடங்களில் நடப்பவர்களுக்கு வெள்ளைக் கோடு பெரிய தலைவலி. அதைப் பாலிஷால் மறைத்தால் உள்ளேயே இருந்துகொண்டு ஈரத்தை இழுக்கும், காயும்போது படிகமாகி நாரை அறுக்கும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமபாகம் கலந்து, துணியைப் பிழிந்து, கோட்டை மட்டும் இல்லாமல் முழு முன்பகுதியையும் துடைக்க வேண்டும். கோட்டில் மட்டும் துடைத்தால் ஈரத்தின் ஓரத்தில் புதுக்கோடு விழும். பிறகு வெறும் தண்ணீர்த் துணி, பிறகு காய வைத்தல், கண்டிஷனர். அன்றைக்கே செய்தால் ஒரு தடவையில் போகும், ஒரு வாரம் விட்டால் மூன்று நான்கு தடவை ஆகலாம்.

போட்டுக்கொள்வதில் ஆட்கள் செய்யும் முதல் தப்பு, குளிருக்கு என்று இரண்டு சாக்ஸ் போட்டு அதே ஷூவுக்குள் காலைத் திணிப்பது. சூட்டைக் காப்பது நிற்கும் காற்று. அதை நசுக்கிவிட்டு, ரத்த ஓட்டத்தையும் இறுக்கினால் கால் முன்பைவிடச் சீக்கிரம் விறைக்கும். விரல்களுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம், உள்ளே விரல்களை அசைக்க முடிய வேண்டும். கனத்த சாக்ஸுக்கு ஷூவே அரை சைஸ் பெரிதாக இருக்கட்டும். பருத்தி சாக்ஸ் கூடவே கூடாது. ஊறிய பருத்தி தண்ணீரைப் பிடித்துக்கொண்டே இருக்கும், தண்ணீரோ அசையாத காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சினாலும் ஈரமாகத் தெரியாது. குளிரில் பெரும்பகுதி அடியிலிருந்து ஏறுவது, அதனால் ஒரு கம்பளி ஃபெல்ட் இன்சோல் இன்னொரு சாக்ஸைவிடப் பலன் தரும்.

சோல் பற்றிச் சுருக்கமாக: ஆழமான பட்டைகள் சேற்றுக்கும் தளர்ந்த பனிக்கும். வழுக்கும் ஈரக்கல்லுக்கும் நடைபாதைக்கும் மென்மையான ரப்பரும் நிறைய சிறு விளிம்புகளும். குளிரில் இறுகும் மலிவு ரப்பர் இரண்டிலும் ஏமாற்றும். 1935ல் ஆல்ப்ஸில் தன் தோழர்கள் ஆறு பேர் குளிருக்கு ஒவ்வாத காலணிகளோடு மாட்டி இறந்த பிறகுதான் இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி ரப்பர் பட்டைச் சோலை உருவாக்கினார், 1937ல் வந்த வைப்ரம் என்ற சோல் அதுதான். இருந்தாலும் மேலே தண்ணீர் நிற்கும் பனிக்கட்டியில் வெறும் ரப்பரை நம்பாதீர்கள். மாட்டிக் கழற்றும் முள்பட்டை வேண்டும்.

ரப்பர் பூட்ஸில் வெளித்தண்ணீர் வராது, உள்வியர்வை போகாது. தினமும் பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றிக் காய வைக்க வேண்டும், அதைத் தவிர வேறு பராமரிப்பு அதற்குப் பெரிதாக இல்லை.

ஈரமான கால் வெறும் அசௌகரியம் என்று விட்டுவிடாதீர்கள். உறைநிலைக்கு மேலேயே, 0 முதல் 15 டிகிரி வரையான குளிரில், பல மணி நேரம் ஊறிய பாதத்தில் நரம்பும் ரத்தக் குழாயும் சேதமாகும். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் படைவீரர்களை வாட்டியது இதுதான். தினமும் இரண்டு மூன்று முறை சாக்ஸ் மாற்றச் சொன்னதும், கால்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் அதற்காக. நீண்ட நடைக்குப் போனால் காய்ந்த ஒரு ஜோடி சாக்ஸை பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போங்கள். தோல் வெளிறி மரத்து, சூடேறும்போது எரிந்து வலித்தால் தேய்க்காமல், மெல்லச் சூடாக்கி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போது முழுக்கக் காய்ந்ததா என்று அதே பின்விரல் சோதனை. பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், துணிப்பையில் வையுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் வெளியே கொண்டுபோய்த் துடைத்து, ஆல்கஹாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து ஒருமுறை துடைத்தால் போகும், நிறம் மங்குகிறதா என்று உள்பக்கத்தில் முதலில் பார்த்துக்கொண்டு. இன்னொன்று பலருக்குத் தெரியாது: பாலியூரித்தேன் நடுச்சோல் உள்ள நடைப் பூட்ஸ், போடாமல் அலமாரியில் இருந்தாலும் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, சில வருடங்களில் உள்ளுக்குள் மக்கிப்போகும். பார்க்கப் புதிதாக இருக்கும், நடக்கத் தொடங்கிய ஒரு மணியில் சோல் பாளம் பாளமாக உதிரும். ஐந்தாறு வருடப் பழசு என்றால், கிளம்புவதற்கு முந்தைய வாரமே நடுச்சோலின் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். குழி எழும்பாமல் நின்றாலோ, மாவு மாதிரி துகள் நகத்தில் ஒட்டினாலோ, அந்த ஜோடியோடு மலையேறப் போகாதீர்கள்.