ஒரே பதினைந்து, மூன்று விடை

உயர்தரம் படிக்கும்போது ஒரு தவணைப் பரீட்சையில் நிபந்தனை நிகழ்தகவுக் கணக்கு முழுக்கச் சரி என்ற நினைப்போடு வெளியே வந்தேன். பேப்பர் கைக்கு வந்தபோது அந்த வினாவுக்குப் பாதிப் புள்ளிகூட இல்லை. பிழை முழுவதும் பகுதியெண்ணில்.

கல்லடியில் ரியூசன் எடுத்த சேர் விடைத்தாளைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “மனே, நீ ஆரைப் பத்திக் கதைக்கிறாய்?” பிறகு பலகையில் ஒரு இருவழி அட்டவணை போட்டார். எண்கள் கற்பனைதான், பஸ் பிந்துகிற கதை மட்டும் எங்களுக்குப் புதிதில்லை.

பஸ்: பிந்தியவர் 15, நேரத்துக்கு வந்தவர் 15, மொத்தம் 30
சைக்கிள்: பிந்தியவர் 5, நேரத்துக்கு வந்தவர் 45, மொத்தம் 50
மொத்தம்: பிந்தியவர் 20, நேரத்துக்கு வந்தவர் 60, எல்லாரும் 80

முதல் 15இல் விரலை வையுங்கள். பஸ்ஸில் வந்தவர்களுள் பிந்தியவர் 15/30. பிந்தியவர்களுள் பஸ்ஸில் வந்தவர் 15/20. பஸ்ஸில் வந்து பிந்தியும் இருப்பவர் 15/80. தொகுதியெண் அசையவே இல்லை. நான் பரீட்சையில் எல்லாவற்றையும் மொத்தத்தால் பிரித்து வைத்திருந்தேன்.

தமிழில் எழுதுகிற நமக்கென்றே ஒரு சறுக்கல் இருக்கிறது. “ஒருவர் பஸ்ஸில் வந்தவர் எனத் தரப்படின், அவர் பிந்தியவராக இருப்பதற்கான நிகழ்தகவு” என்று வினா வரும். வசனத்தில் நிபந்தனை முதலில் நிற்கிறது; P(பிந்தியவர் | பஸ்) என்ற குறியீட்டிலோ அது நிலைக்குத்துக் கோட்டுக்கு வலப்பக்கம். வாசித்த ஒழுங்கிலேயே எழுதினால் தலைகீழாகிவிடும். ‘தரப்படின்’ வரை பென்சிலால் கோடிட்டு, அந்த நிரையை அல்லது நிரலை மட்டும் விட்டு மற்றதைக் கையால் மறைத்துக்கொள்வது என் பழக்கமாயிற்று. பரீட்சை மண்டபத்தில் பார்ப்பவருக்கு வேடிக்கையாக இருக்கும், பரவாயில்லை.

‘தரப்படின்’ இல்லாமலும் கேட்பார்கள். “பிந்தியவர்களுள் எழுமாறாகத் தெரிந்தெடுக்கப்பட்ட ஒருவர்” என்றால் நிபந்தனை அந்த ‘உள்’ளுக்குள் ஒளிந்திருக்கிறது. பகுதியெண் 20.

சதவீதம் மட்டும் தந்தால் 1000 பேர் என எடுத்து அட்டவணையை நீங்களே நிரப்புங்கள். பேயிஸ் தேற்றத்தைப் பயன்படுத்தச் சொல்லியிருந்தால் அதை எழுதத்தான் வேண்டும். அட்டவணை விடையைச் சரிபார்க்க உதவும்.

சாரா நிகழ்ச்சிகளா, அதாவது ஒன்று நடப்பது மற்றதன் நிகழ்தகவை மாற்றாதா என்று கேட்டால் இரண்டு எண்ணை ஒப்பிட்டால் போதும். பஸ்காரருள் பிந்துவது 15/30, அதாவது அரை. எல்லாருள்ளும் பிந்துவது 20/80, அதாவது கால். சமனில்லை, ஆகவே சாரா நிகழ்ச்சிகள் அல்ல. சேர் இதை எழுதி முடித்தபோது சைக்கிள்காரர் எல்லாரும் பின்வாங்கைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பஸ்.