போட்டி ஆணையத்தில் மனு: ஸ்கிரீன்ஷாட்டுக்கு கையெழுத்துப் போட ஆள் கிடைக்கவில்லை

கோவையில் மெஸ் நடத்துகிறேன். ஓர் உணவு டெலிவரி ஆப் மீது இந்தியப் போட்டி ஆணையத்தில் (கம்பெனிகள் சந்தையில் நியாயமாகப் போட்டியிடுகின்றனவா என்று பார்க்கும் மத்திய அமைப்பு) போட்ட மனு ஒருவழியாகப் பதிவாகி நம்பர் கிடைத்துவிட்டது.

பிரச்சினை இதுதான். கடை விலையைவிட ஆப்பில் ஒரு ரூபாய்கூட ஏற்றக் கூடாதாம். ஏற்றினால் கடை லிஸ்டில் அடியில் போய்விடும். கமிஷன் போக 90 ரூபாய் முட்டை பரோட்டாவில் என்ன மிஞ்சும்?

இந்த நிபந்தனை உள்ள ஒப்பந்தத்தைக் கேட்டால், "போர்ட்டல்லயே இருக்கு சார்" என்று போனை வைத்துவிட்டார் அவர்கள் அக்கவுண்ட் மேனேஜர். போர்ட்டலில் இருப்பது புதிய ஒப்பந்தம் மட்டும். பழையது, சேர்ந்தபோது வந்த மெயிலில் பிடிஎஃப்பாகக் கிடந்தது. அது கிடைத்த அன்றுதான் தைரியம் வந்தது.

அடுத்தது, ஸ்கிரீன்ஷாட் போன்ற மின்னணு ஆதாரத்தோடு வைக்க வேண்டிய சர்டிபிகேட். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்பார்களே, அது 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுக்கு மாறிவிட்டது. ஸ்கிரீன்ஷாட்டின் ஹாஷ் எண்ணை (ஃபைலின் கைரேகை மாதிரி; ஃபைலை மாற்றினால் இதுவும் மாறிவிடும்) குறிக்க வேண்டும். 'அ' பகுதியில் நாம், 'ஆ' பகுதியில் ஒரு நிபுணர் கையெழுத்திட வேண்டும். எந்த கம்ப்யூட்டர் கடைக்காரரும் தொடவில்லை. "கோர்ட்டுக்குக் கூப்பிடுவாங்களா?" என்பதே எல்லோர் கேள்வியும். கடைசியில் வக்கீலுக்குத் தெரிந்த சைபர் ஆள் ஒருவர் போட்டுத் தந்தார். இதற்கு முதலிலேயே ஆள் பிடித்து வையுங்கள்.

மனுவில் நம் நஷ்டத்தை மட்டும் எழுதினால் நிற்காது. ஆணையம் பாக்கி வசூலித்துத் தரும் இடமல்ல. பெரிய கம்பெனியாக இருப்பதும் தப்பில்லை. அந்த பலத்தை வைத்து மார்க்கெட்டை நெரிப்பதுதான் போட்டிச் சட்டத்தின் 4-வது பிரிவில் வரும். அதனால் எங்கள் தெரு ஹோட்டல்காரர்களின் பில்களையும் சேர்த்தோம். சிலர் "லிஸ்டிங்கை எடுத்துருவாங்க" என்று பின்வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இந்தச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு மனு போட மூன்று வருடக் கெடுவும் உண்டு. தாமதத்துக்கு நியாயமான காரணம் காட்டினால்தான் அதற்குமேல் எடுப்பார்கள்.

முகாந்திரம் இருப்பதாக ஆணையம் நினைத்தால்தான் விசாரணைக்கே போகும். நம் சென்னை மேட்ரிமோனி டாட் காம் 2012-ல் கூகுள் மீது கொடுத்த புகாரில் 135.86 கோடி அபராதம் வந்தது 2018-ல்தான். ஆகவே கடையை அதை நம்பி ஓட்ட முடியாது. ஆப்பில் கடை வைத்திருப்பவர்கள், லாகின் கையில் இருக்கும்போதே மாதாமாதம் பேஅவுட் அறிக்கையை (ஆப் நமக்குத் தந்த பணத்தின் கணக்கு) இறக்கி வைத்துவிடுங்கள். மனு போட்ட பிறகு என்னால் பழைய மாதங்களைத் திறக்க முடியவில்லை.