சீல் உடைக்காத தண்ணிப் போத்தல்

போன கிழமை வெள்ளவத்தையில இருந்து கொட்டாஞ்சேனைக்கு போக ஆப்புல ஓட்டோ போட்டன், ஓடிக்கொண்டு வந்தது ஒரு அக்கா. காலி ரோட்டு ட்ராபிக்ல கதைச்சுக்கொண்டே போனம். ஹேண்டிலுக்குப் பக்கத்துல ஒரு தண்ணிப் போத்தல், சீல் கூட உடைக்கேல்ல, நேரம் 12 தாண்டிட்டுது, வெயில் எண்டா அப்பிடி ஒரு வெயில். ஏன் அக்கா குடிக்கேல்லையா எண்டு கேட்டன்.

"குடிச்சா பிறகு எங்க தங்கச்சி போறது?"

எனக்கு நெஞ்சு அடைச்சிட்டுது. ஆம்பிளையள் எங்கயாவது ஓரமா நிப்பாட்டி சமாளிச்சிடுவினம், இவ வீட்டை போகுமட்டும் அடக்கிக்கொண்டு இருக்கோணும். 2022ல பெற்றோல் கியூவில இரவிரவா நிண்ட நேரமும் இதே பாடுதானாம். பிறகு பெற்றோலை அளந்து குடுக்கிற கியூஆர் கோட் முறை வந்து ஓட்டோவுக்கு கிழமைக்கு 5 லீற்றர் எண்டு குடுக்கத் தொடங்கினாப் பிறகுதான் மூச்சு விட்டவவாம், பெற்றோல் காணாது, ஆனா கியூ குறைஞ்சிட்டுதே எண்டு.

பொம்பிளையளும் இந்தத் தொழிலுக்கு வரோணும் எண்டு எல்லாரும் சொல்லீனம். வந்தவைக்கு ஒரு டொய்லெட் இருக்கோணும் எல்லோ. பெற்றோல் செட்டுகளோட கதைச்சு, சுத்தமான டொய்லெட் இருக்கிற இடங்களை மெப்புல காட்டுறது அவ ஓடுற கம்பனிக்கு பெரிய வேலையே இல்ல.

போனஸ் கதை இன்னும் மோசம். காலமை 7ல இருந்து 9க்குள்ள இத்தனை ஹயர் ஓடினாத்தான் போனஸாம். 7.30க்கு ஸ்கூல் தொடங்குது, மகளை யார் கொண்டுபோய் விடுறது? 1.30க்கு திரும்ப ஏத்தோணும். அதால எவ்வளவு ஓடினாலும் அந்த போனஸ் அவவின்ர கைக்கு வராது, லீசிங் காசு மட்டும் மாசம் தவறாம கட்டோணும். பத்து மணிக்குப் பிறகு ஓடினாலும் அந்த டார்கெட்டுக்கு சேரும் எண்டு மாத்தினா எத்தனை அம்மாமார் ஓடுவினம்!

இரவில குடிச்சிட்டு ஏற வாற ஆளை வேண்டாம் எண்டு கேன்சல் பண்ணினா அவவின்ர கணக்குலதான் அடி விழுது. அதுக்கு ஒரு பட்டன் வேணும், பயமா இருக்கு எண்டு கேன்சல் பண்ணினா குறைக்கக் கூடாது, பொம்பிளையளுக்கான உதவி நம்பர் 1938க்கு நேரா கோல் போகோணும்.

கடையில வேலை செய்ற பிள்ளைக்கு பிரசவத்துக்கு 84 நாள் லீவு இருக்கு, ஈபிஎஃப் இருக்கு. இவ மகள் பிறந்து ஒண்டரை மாசத்தில திரும்ப ஹேண்டிலைப் பிடிச்சிருக்கிறா.

இறங்கேக்க எங்கட வீட்டு அட்ரஸை குடுத்து, இந்தப் பக்கம் வந்தா யோசிக்காம பெல்லை அடிங்கோ அக்கா எண்டன். நேற்று வந்தவ. போகேக்க ரெண்டு கிளாஸ் தண்ணி குடிச்சிட்டுத்தான் போனா.